நிற்குமா, நிற்காதா

கல்யாணத்துக்கு முந்தி நான் ஒரு கம்பியூட்டர். இப்படிச் சொன்னால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். ஆனால் வெள்ளைக்காரன் இலங்கையை ஆண்ட அந்தக் கடைசி வருஷங்களில் கம்பியூட்டர் என்றால் ஆள். கணக்குச் செய்வதற்கென்றே சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் ஆள். என் நியமனக் கடிதத்தில் அந்தச் சொல்தான் இங்கிலீஷில் அடித்திருந்தது. அப்பா அதை வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாகக் கொண்டு திரிந்து காட்டினார்.

யுத்த காலம் அது. ஆம்பிளைகள் பலர் வேறு வேலைகளுக்குப் போய்விட்டதால், கோட்டைப் பகுதியில் இருந்த ஒரு அரசாங்கக் கந்தோரில் கணக்குப் படித்த பெண்பிள்ளைகளை எடுத்தார்கள். காடு மேடெல்லாம் அளந்து வருகிறவர்கள் கொண்டுவரும் கோணங்களையும் தூரங்களையும் வாங்கி, எந்த இடம் வரைபடத்தில் எங்கே விழும் என்று கணக்குப் பார்த்துக் கொடுப்பது எங்கள் வேலை. அம்மாவுக்கு இதில் விருப்பமே இல்லை.

"பொம்பிளைப் பிள்ளை தனிய ரெயில் ஏறிக் கந்தோருக்குப் போறதோ?" என்று கேட்டார்.

"கணக்கில பரிசு வாங்கினவள் அடுப்படியில நிண்டு என்ன செய்யிறது? தேங்காய் எண்ணுறதோ?" என்றார் அப்பா. அதோடு பேச்சு முடிந்தது.

காலையில் வெள்ளவத்தை ஸ்டேசனில் ரெயில் ஏறினால் கோட்டை வரைக்கும் இடது பக்கம் கடல்தான். மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் காலத்தில் அலை அடித்து ஜன்னலுக்குள் தூவும். கந்தோர் போய்ச் சேரும்போது உதட்டில் உப்புக் கரிக்கும். அந்த உப்பை நக்கிக்கொண்டே படியேறுவேன். சொந்தமாக ஒரு மேசை, சொந்தமாக ஒரு கணக்கு மெஷின் என்று ஒரு பெண்ணுக்கு இருப்பது எத்தனை பெரிய காரியம் என்பது அப்போது இருந்தவர்களுக்குத்தான் தெரியும். மெஷின் என்றால் பக்கத்தில் கைபிடி வைத்த ஒரு இரும்புச் சாமான். கைபிடியைச் சுற்றினால் பெருக்கும், எதிர்ப்பக்கம் சுற்றினால் வகுக்கும். எல்லாரும் ஒன்றாகச் சுற்றும்போது மண்டபம் முழுக்கக் கோப்பி அரைக்கிற சத்தம்.

என்ன கணக்கை எப்படிச் செய்ய வேண்டும் என்பதை நாங்கள் யோசிக்க வேண்டியதில்லை. அதற்கு 'ஷீட்' என்று ஒன்று வரும். இந்த எண்ணை எடு, இதால் பெருக்கு, வந்த விடையை அங்கே எழுது என்று படி படியாக அடித்திருக்கும். சில ஷீட்டுகளில் ஒரு சுற்று முடிந்ததும் திரும்ப மேலே போகச் சொல்லும். 'இப்போது வந்த விடையும் போன சுற்றில் வந்த விடையும் கடைசி இலக்கம் வரை ஒன்றாக இருந்தால் நிறுத்து. இல்லாவிட்டால் இரண்டாம் படிக்குப் போ.' ஒவ்வொரு சுற்றிலும் விடை உண்மைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்ட வரும். கடைசியில் ஒரே விடை இரண்டு முறை வந்தால் வேலை முடிந்தது.

எனக்குப் பக்கத்து மேசையில் இருந்தவள் கொட்டாஞ்சேனைக்காரி. வேதக்காரப் பிள்ளை, கிறிஸ்தவர்களின் பெரிய கோயிலுக்குப் பின்னால் வீடு. மெஷின் சுற்றும் வேகத்துக்கு ஏற்றபடி வாய்க்குள் பாடிக்கொண்டே இருப்பாள். சிரிக்கத் தொடங்கினால் மண்டபத்தின் மறுகோடியில் இருப்பவர்களும் காரணம் தெரியாமல் சிரிப்பார்கள். அவளுக்குத்தான் அந்தக் கெட்ட ஷீட் வந்து வாய்த்தது.

திங்கள் தொடங்கிக் கிழமை முழுவதும் ஒரே ஷீட்டைச் சுற்றிக்கொண்டிருந்தாள். நாங்களெல்லாம் ஷீட்டுக்கு மேல் ஷீட்டாக முடித்துக் கொடுக்க, அவள் மேசையில் மட்டும் அதே தாள். எங்கள் பகுதிக்குப் பொறுப்பாக இருந்த வெள்ளைக்காரத் துரை வந்து பார்த்துவிட்டு, 'மெத்தனம்' என்று அவளைப்பற்றிக் குறிப்பெழுதி வைத்துவிட்டுப் போனார். அன்றைக்குப் பாட்டு நின்றுவிட்டது. மத்தியானம் கைகழுவுகிற இடத்தில் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

"நான் ஒண்டும் பிழையாச் செய்யேல்லையடி. எத்தனை தரம் சுத்தினாலும் முடியுதில்லை."

"கொண்டா, நான் பார்க்கிறன்" என்று அவள் எழுதிய தாள்களை வாங்கிக்கொண்டு வந்து மேசையில் பரப்பினேன். விடைகளின் முன்பக்கத்து இலக்கங்களெல்லாம் அசையாமல் நின்றன. கடைசி இலக்கம் மட்டும் நாலு, ஏழு, நாலு, ஏழு என்று மாறி மாறி வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் மிச்சத் தசமங்களை வெட்டிக் கடைசி இலக்கத்தைச் சரிக்கட்டி எழுதச் சொல்லியிருந்தபடியால் வந்த வினை அது. நாலில் தொடங்கினால் ஏழு வரும், ஏழில் தொடங்கினால் நாலு வரும். ஒரே விடை இரண்டு முறை வரவே வராது. அவள் கிழவியாகும் மட்டும் சுற்றினாலும் அந்த ஷீட் நின்றிருக்காது.

ஷீட்டுகளை எழுதுகிறவர் ஒரு இளைஞர். மருதானையில் அறை எடுத்துத் தங்கியிருந்த யாழ்ப்பாணத்துக்காரர், யூனிவர்சிட்டி கொலிஜில் கணக்குப் படித்து முடித்தவர். மெலிந்த உருவம், பெரிய கண்ணாடி. தாள்களை அவர் முன்னால் வைத்து நாலையும் ஏழையும் விரலால் காட்டினேன். பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. எழுந்து நேரே என் தோழியின் மேசைக்குப் போய், எல்லாருக்கும் கேட்கும்படியாக, "பிழை என்ர. என்னை மன்னிக்க வேணும்" என்றார். அதே நடையில் துரையின் அறைக்குள் போய், அவளைப்பற்றி எழுதியிருந்த குறிப்பை வெட்டச் செய்துவிட்டுத்தான் வெளியே வந்தார். அந்த நாளில் ஒரு மேலுத்தியோகத்தர், அதுவும் ஆம்பிளை, ஒரு பெண்பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டதை அதற்கு முந்தி நான் கண்டதேயில்லை. அன்றைக்கே எனக்கு அவரில் ஒரு மதிப்பு வந்துவிட்டது. மதிப்பு என்றுதான் அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அதோடு அவர் சும்மா இருக்கவில்லை. "இனி எந்த ஷீட்டும் உங்கட கைக்கு வாறதுக்கு முந்தி, அது நிற்குமோ நிற்காதோ எண்டு நான் பார்த்துத்தான் அனுப்புவன்" என்று வாக்குக் கொடுத்தார். ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்தால் தவறிவிடும் என்று, மற்ற ஷீட்டுகளைச் சோதிப்பதற்கென்றே ஒரு ஷீட் எழுதத் தொடங்கினார். எந்த ஷீட்டையும் அதில் போட்டு, படி படியாகப் பார்த்துக்கொண்டு போனால், கடைசியில் 'நிற்கும்' அல்லது 'நிற்காது' என்று தீர்ப்பு வரவேண்டும். என் தோழி அதற்கு 'மாஜிஸ்திரேட்' என்று பெயர் வைத்தாள். பெயர் ஒட்டிக்கொண்டது. அவரே, "மாஜிஸ்திரேட்டுக்கு இண்டைக்கு இன்னும் ரெண்டு படி கூட்டியிருக்கிறன்" என்று வந்து சொல்லுவார்.

முதலில் மாஜிஸ்திரேட் நன்றாகத்தான் தீர்ப்புச் சொன்னார். வந்த எண்களே திரும்ப வந்தால் நிற்காது. வித்தியாசம் சுற்றுக்குச் சுற்று குறைந்துகொண்டே போய்க் கடைசியில் இல்லாமல் போகுமென்றால் நிற்கும். இப்படிப் பல ஷீட்டுகளைப் பிடித்துத் திருத்தினார். எங்களுக்கும் நிம்மதி.

ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரம். என் தோழி, ட்ராமில் வரும்போது பொழுதுபோகத் தானே கண்டுபிடித்த விளையாட்டு என்று ஒரு கணக்கைச் சொன்னாள். ஏதாவது ஒரு எண்ணை எடு. இரட்டை எண் என்றால் பாதியாக்கு. ஒற்றை எண் என்றால் மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டு. ஒன்று வந்தால் நிறுத்து. வராவிட்டால் திரும்பச் செய்.

"இதுக்கு மாஜிஸ்திரேட் என்ன சொல்லுறார்?" என்று கேட்டாள்.

"இதென்ன பெரிய வேலை" என்று ஷீட் எழுதுகிறவர் உட்கார்ந்தார். அவள் இருபத்தேழைக் கொடுத்தாள். எண்பத்திரண்டு, நாற்பத்தொன்று, நூற்றிருபத்துநாலு என்று எழுதிக்கொண்டு போனார். எண் ஏறியது, இறங்கியது, திரும்ப ஏறியது. சாப்பாட்டுப் பார்சலைத் திறந்து வைத்தபடியே மறந்துவிட்டார். எண் ஒன்பதினாயிரத்தைத் தாண்டியபோது மற்ற மேசைக்காரர்களும் வந்து சூழ்ந்துவிட்டார்கள். பிறகு மளமளவென்று இறங்கி, பதினாறு, எட்டு, நாலு, இரண்டு, ஒன்று என்று வந்து நின்றதும் மண்டபமே கைதட்டியது.

"சரி, இருபத்தேழுக்கு நிண்டிட்டுது. எல்லா எண்ணுக்கும் நிற்குமோ?" என்றாள் அவள்.

அவர் தலையைச் சொறிந்தார். எண்கள் திரும்பி வரவுமில்லை, ஒழுங்காகக் குறையவுமில்லை. மாஜிஸ்திரேட்டின் எந்தப் படியிலும் அது அகப்படவில்லை.

"செய்து பார்த்தால் தெரியுந்தானே?" என்றேன் நான்.

"நிண்டால் தெரியும். நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தால் என்னெண்டு தெரியும்? இனி எப்பவுமே நிற்காதோ, இல்லாட்டி அடுத்த சுத்தில நிற்கப்போகுதோ, ஆர் கண்டது?" என்றவர், உடனே நிமிர்ந்து, "அதுக்கும் ஒரு படி கண்டுபிடிப்பன். எந்த ஷீட்டுக்கும் தீர்ப்புச் சொல்லுற மாஜிஸ்திரேட்டை எழுதாமல் விடமாட்டன்" என்றார்.

அந்த விளையாட்டு எல்லா எண்ணுக்கும் நிற்குமா என்று இன்றைக்கும் உலகத்தில் ஒருவருக்கும் தெரியாதாம். பிற்காலத்தில் அதைக் கேள்விப்பட்டபோது, பெரிய பெரிய ஆட்களெல்லாம் மண்டையை உடைக்கிற கணக்கை ட்ராமில் இருந்து நகத்தைக் கடித்துக்கொண்டு போட்டவள் என் தோழி என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

மாஜிஸ்திரேட் பெருத்துக்கொண்டே வந்தார். ஒரு தாளாக இருந்தவர் ஒரு கட்டாகிவிட்டார். ஒவ்வொரு கிழமையும் பிடிகொடுக்காத ஒரு ஷீட் வரும். எழுதுகிறவரும் இன்னொரு படி சேர்ப்பார். எனக்கு அவர்மேல் பாவமாக இருந்தது. ஆனால் ஏன் முடியவில்லை என்று சொல்லவும் தெரியவில்லை.

எனக்கு அது விளங்கியது அப்பாவால்தான். அப்பாவுக்கு என்னைச் சீண்டுவதில் ஒரு சந்தோஷம். அன்றைக்கு நான் வெளிக்கிட்டு வாசலுக்கு வர, பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "இண்டைக்கும் நீ குடையை விட்டிட்டுத்தான் போகப்போறாய்" என்றார். வானத்தில் ஒரு முகில் இல்லை. நல்ல வெயில். எடுக்கும் எண்ணமே எனக்கு இருக்கவில்லை. ஆனால் அவர் சொன்னதற்காகவே திரும்பி வந்து குடையை எடுத்துக்கொண்டு போனேன். "எடுப்பாய் எண்டு சொல்லியிருந்தால் விட்டிட்டுப் போயிருப்பாள்" என்று அம்மாவிடம் அவர் சொல்வது பின்னால் கேட்டது.

உண்மைதான். நான் என்ன செய்வேன் என்று எனக்கு முன்னாலேயே சொன்னால், அதற்கு மாறாகச் செய்ய என்னால் முடியும். ரெயில் பம்பலப்பிட்டியைத் தாண்டும்போது, ஒரு ஷீட்டுக்கும் அப்படிச் செய்யச் சொல்லிக் கொடுக்கலாமே என்று தோன்றியது. கொள்ளுப்பிட்டியில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எதிரே இருந்த மனிதர் தன் சட்டையில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தார்.

மத்தியானம் ஒரு சின்ன ஷீட் நானே எழுதி, மாஜிஸ்திரேட்டை எழுதுகிறவரின் மேசையில் வைத்தேன். மூன்றே படி.

முதலாம் படி: மாஜிஸ்திரேட்டை எடுத்து, இந்த ஷீட்டையே அதில் போட்டுத் தீர்ப்பைப் பார். இரண்டாம் படி: தீர்ப்பு 'நிற்காது' என்றால் உடனே நிறுத்து. மூன்றாம் படி: தீர்ப்பு 'நிற்கும்' என்றால் கைபிடியைச் சுற்று, திரும்பவும் மூன்றாம் படியையே செய்.

"இது நிற்குமோ, நிற்காதோ? நீங்கள் தீர்ப்பைச் சொல்லுங்கோ, நான் ஷீட்டைச் செய்யிறன்" என்று மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தேன். என் தோழி வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் நின்றாள்.

அவர் வாசித்தார். "நிற்கும்" என்றார்.

நான் சுற்றத் தொடங்கினேன். சுற்றினேன், சுற்றினேன், சுற்றிக்கொண்டே இருந்தேன்.

"ஏன் நிப்பாட்டுறீர் இல்லை?"

"நிற்கும் எண்டு தீர்ப்பு வந்தால் மூன்றாம் படிதானே? மூன்றாம் படி திரும்ப மூன்றாம் படிக்குத்தானே அனுப்புது?"

"சரி, சரி. அப்ப நிற்காது!"

நான் கைபிடியை விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டேன். "நிண்டிட்டுது. ரெண்டாம் படி."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் மூன்று படிகளையும் வாசித்தார். எனக்கு உள்ளுக்குள் பயம் பிடித்தது. எத்தனை மாதம் அவர் பாடுபட்ட வேலை! மனம் நொந்துவிடுவாரோ என்று நினைத்தேன்.

"பொறும்" என்றார் மெல்ல. "மாஜிஸ்திரேட் தீர்ப்பே சொல்லாமல் யோசிச்சுக்கொண்டே இருந்தால்?" அதை நான் யோசித்திருக்கவில்லை. அவரே விடையும் சொன்னார்: "அப்பவும் தோல்விதான். ஷீட் முதலாம் படியிலேயே கிடக்கும், நிற்காது. ஆனால் நிற்காது எண்டு சொல்ல மாஜிஸ்திரேட்டுக்கு வாய் வராது." பிறகு மேசையில் ஒரு அடி அடித்தார். "எத்தனை படி கூட்டினாலும் இதே கதைதான்! நான் புதுசா எழுதினால் நீர் புது மாஜிஸ்திரேட்டைக் கேக்கச் சொல்லி எழுதுவீர்! இது என்ர கெட்டித்தனம் காணாமல் வந்ததில்லை. ஒருத்தராலயும் ஏலாது!"

சொல்லிவிட்டுச் சிரித்தாரே ஒரு சிரிப்பு. கதிரையிலிருந்து விழப் பார்த்தார். என் தோழி தொடங்கினாள்; பிறகு மண்டபமே தொடங்கியது. மாதக்கணக்காகத் தூக்கித் திரிந்த சுமையை இறக்கி வைத்த மனிதனின் முகம் அவருக்கு.

சத்தம் கேட்டுத் துரை வாயில் புகைகிற சுங்கானோடு வெளியே வந்தார். இளைஞர் எழுந்து நின்று எல்லாவற்றையும் இங்கிலீஷில் விளங்கப்படுத்தினார். துரை என் மூன்று படிகளையும் இரண்டு தரம் வாசித்தார்.

"அப்படியென்றால் எந்த ஷீட் கெட்டது என்று உன்னால் சொல்ல முடியாதா?"

"பலவற்றுக்குச் சொல்ல முடியும் சேர். எல்லாவற்றுக்கும் சொல்லும் ஒரே முறை என்று ஒன்று இருக்காது."

துரை புகையை விட்டார். "நல்லது. இனி ஒவ்வொரு ஷீட்டிலும், ஒரு அளவு சுற்றுக்கு மேல் போனால் நிறுத்திவிட்டு என்னிடம் கொண்டுவரும்படி கீழே ஒரு வரி அடித்துவிடுங்கள். அந்தப் பெண்களை யாரும் மெத்தனம் என்று சொல்ல வேண்டாம்." மெத்தனம் என்று சொன்னவர் தான்தான் என்பது அவருக்கு நினைவிருந்ததோ என்னவோ, என் தோழியின் பக்கம் திரும்பித் தலையைச் சற்றுக் குனிந்துவிட்டு உள்ளே போனார்.

அடுத்த ஞாயிறு கொட்டாஞ்சேனையில் கோயில் திருநாள். தோழி என்னையும் ஷீட் எழுதுகிறவரையும் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். நான் அப்பாவோடு கோட்டையிலிருந்து கிராண்ட்பாஸ் ட்ராமில் ஏறிப் போனேன். தெருவெல்லாம் கொடி, பட்டாசு, கடலைக்காரர், பலூன். அவள் வீட்டில் நிற்க இடமில்லை. மஞ்சள் சோறும் கோழிக் குழம்பும் கை மாறி மாறி வந்தன. அந்தச் சனத்துக்குள் அவர் என்னைத் தேடிக்கொண்டு மூச்சு வாங்க வந்தார்.

"இஞ்ச பாரும், எனக்குப் படிப்பிச்சவரிட்டப் போய் உம்மட ஷீட்டைக் காட்டினனான். இங்கிலாந்தில ஒருத்தர் சில வருஷத்துக்கு முந்தியே இதை நிறுவிப்போட்டாராம்! எந்தக் கணக்கும் செய்யக்கூடிய ஒரு மெஷினை மனதுக்குள்ளேயே கட்டி, அதை வைச்சு நிறுவினவராம்."

"ஐயோ, அப்ப எங்கட கண்டுபிடிப்பு இல்லையோ?"

"ஏன் இல்லை? அவருக்கு அங்க பட்டது உமக்கு ரெயிலுக்குள்ள பட்டிருக்கு!" அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தால், தானே அந்த இங்கிலாந்துக்காரரைப் பெற்று வளர்த்தவர் மாதிரி இருந்தது. அப்பா பக்கத்தில் நின்று கோழிக்காலைக் கடித்துக்கொண்டு, அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். திரும்பி வரும்போது ட்ராமில், "பொடியன் நல்ல பொடியன்" என்று மட்டும் சொன்னார்.

அதன்பிறகு இரண்டு வீட்டாருக்கும் இடையில் எங்கள் கல்யாணத்துக்குப் பேச்சுக்கால் நடந்தது. அம்மா எங்கள் சாதகங்களை வெள்ளவத்தைச் சாத்திரியாரிடம் கொண்டுபோனார். அவர் பார்த்துவிட்டு, "பொருத்தமில்லை. இந்தக் கலியாணம் நடக்காது" என்று சொல்லிவிட்டார். வீடு இடிந்துபோய் இருந்தது. நான் அறைக்குள் கிடந்து அழுதேன். அப்பா கொஞ்ச நேரம் விறாந்தையில் உலாவிவிட்டு வந்து கேட்டார்.

"பிள்ளை, கந்தோரில அண்டைக்கு எல்லாரும் சிரிச்ச கதையைத் திரும்ப ஒருக்காச் சொல்லு."

மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டார்.

"அப்ப சாத்திரியார் நடக்காது எண்டு சொல்லிப்போட்டார். அதைக் கேட்டுக்கொண்டு நாங்கள் நடத்திவைச்சால் அவர் என்ன செய்வார்?"

"அது ஷீட்டுக்குச் சரி. சாதகத்துக்கு அப்பிடிச் சொல்லலாமோ?" என்று அம்மா கோபித்தார். ஆனால் அம்மா சும்மா இருக்கவில்லை. மறுநாள் யாருக்கும் சொல்லாமல் கொட்டாஞ்சேனையில் இருந்த வேறொரு சாத்திரியாரிடம் போய், "பத்துப் பொருத்தத்தில எட்டு இருக்கு, அமோகமா இருப்பினம்" என்று கேட்டுக்கொண்டு வந்துவிட்டார். இரண்டு பேரும் பார்த்தது அதே சாதகம்தான்.

கல்யாணம் வெள்ளவத்தையில், எங்கள் வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டு நடந்தது. கடற்கரைத் தண்டவாளம் பக்கத்திலேயே. ரெயில் வரும்போதெல்லாம் ஐயர் மந்திரத்தை நிறுத்துவார், நாதஸ்வரக்காரர் வாயை எடுப்பார், ரெயில் போனதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்கள். கந்தோர்க்காரர் எல்லாரும் முன் பாயில் இருந்தார்கள். தோழி கொட்டாஞ்சேனையிலிருந்து பெரிய கேக் ஒன்றை ரிக்‌ஷாவில் மடியில் வைத்துக்கொண்டே வந்திருந்தாள். துரைக்குப் பாயில் காலை மடித்துச் சப்பாணி கொட்டி இருக்க வராமல் காலை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அவர் தாலியைக் கையில் எடுத்து என் கழுத்துக்குக் கிட்டக் கொண்டுவர, சரியாக அந்த நேரம் பாணந்துறைப் பக்கமிருந்து ரெயில் வந்தது. பழக்கதோஷத்தில் மேளக்காரர் நிறுத்திவிட்டார்கள். "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்று அப்பா கத்துகிறார், ரெயில் சத்தத்தில் ஒருவருக்கும் கேட்கவில்லை. மாப்பிள்ளை தாலியைப் பிடித்தபடியே என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். எஞ்சின்காரன் பந்தலையும் சனத்தையும் கண்டிருக்க வேண்டும். விசிலைப் பிடித்து இழுத்தான், நீட்டி, நிறுத்தாமல், எங்கள் ஒழுங்கையைக் கடந்து போகும் மட்டும். அந்தச் சத்தத்தில் தாலி ஏறியது. ஜன்னல்களில் தொங்கிக்கொண்டு போனவர்கள் எல்லாரும் கையை ஆட்டினார்கள். என் தோழி சிரிக்கத் தொடங்கினாள்.